வைத்தியர் மாறினாலும் கிளினிக் நடக்கும்

(வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரத் தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார், ஐயாமார், கைக்குழந்தையோடு வந்திருக்கிற தங்கச்சிமார் எல்லோருக்கும் நன்றி. காணி துப்புரவாக்கும் வேலை, வீட்டுத்திட்டப் படிவம், பிள்ளைகளின் பள்ளிக்கூட மாற்றம் என்று உங்களுக்கு இப்போது எத்தனை அலுவல் என்று தெரியும். அதற்குள் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி இந்தச் சனசமூக நிலையத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

நான் வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. கலைப்பீடத்தில் படித்துவிட்டு இந்த நிறுவனத்தில் தொடர்பாடல் உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். எந்த வருத்தத்துக்கு என்ன குளிசை என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கே போவது, யாரைக் கேட்பது, கையில் எதைக் கொண்டுபோவது, வைத்தியசாலையிலும் சுகாதாரப் பணிமனையிலும் நடக்கிற வகுப்புகளில் என்ன சொல்லித் தருகிறார்கள், வைத்தியர்கள் மாறும்போது நீங்கள் என்ன செய்வது என்பவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

1990 ஆனியில் இங்கிருந்து புறப்பட்டவர்கள் பலர் நலன்புரி நிலையங்களில் 27, 28 வருடம் இருந்தீர்கள். கோணாப்புலம், மல்லாகம், சபாபதிப்பிள்ளை என்று அந்த நிலையங்களின் பெயரைச் சொன்னாலே போதும், மற்றதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் வரும். அங்கே வாழ்க்கை இலேசாக இருக்கவில்லை. ஆனால் ஒரு வசதி இருந்தது. வீடுகள் நெருக்கமாக இருந்தபடியால் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு நாளில் எல்லா வீட்டையும் பார்த்துவிடுவார். யார் கர்ப்பம், யாருடைய பிள்ளைக்கு ஊசி தவறியது, எந்த ஐயாவுக்குப் பிரஷர் என்பது அடுத்த கொட்டிலுக்கும் தெரிந்திருந்தது. உங்கள் பெயர் அவருடைய பதிவேட்டில் இருந்தது.

இப்போது நீங்கள் உங்கள் சொந்தக் காணியில் இருக்கிறீர்கள். பக்கத்து வளவில் இன்னும் பற்றை. அதற்கு அடுத்த வளவுக்காரர் கனடாவில். பாதையும் சரியாகத் திறக்கவில்லை. இந்த இடத்தில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்பது நீங்கள் சொன்னால்தான் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். பழைய பதிவேட்டிலிருந்து உங்கள் பெயர் போய், புதிய பதிவேட்டில் ஏறாமல் இருக்கிற இடைவெளி ஒன்று உண்டு. எனக்கு இருக்கிற பயம் இந்த இடைவெளியைப் பற்றித்தான். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு தங்கச்சி கர்ப்பமாகலாம். ஒரு பிள்ளையின் ஊசி தவறலாம். ஒரு ஐயாவின் குளிசை முடிந்துபோகலாம். யாருக்கும் தெரியவராது.

ஆகவே கிராம அலுவலரிடம் பதிவு செய்யப் போகிற அதே கிழமையில் குடும்பநல உத்தியோகத்தரிடமும் போய்ப் பதியுங்கள். ஊரில் மருத்துவமாது என்று சொல்வோமே, அவரேதான். நிவாரணம் கிடைக்கும் என்பதற்காகக் கிராம அலுவலரிடம் ஓடுகிறோம். இங்கே நிவாரணம் எதுவும் இல்லை என்பதால் பிறகு பார்ப்போம் என்று விடுகிறோம். அப்படி விடாதீர்கள்.

சுகாதாரத்தில் யார் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. வைத்தியசாலை வேறு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வேறு. வருத்தம் வந்தால் பார்ப்பது வைத்தியசாலை. வருத்தம் வராமல் பார்ப்பது சுகாதார வைத்திய அதிகாரி, அதாவது எம்.ஓ.எச். உங்களுக்கு அந்தப் பணிமனை தெல்லிப்பழையில். குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ.யும் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். இலங்கையில் இந்த முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பது இந்த நாட்டில் மிகவும் குறைந்ததற்கு, வீடு வீடாகச் சைக்கிளில் போன மருத்துவமாதர்கள் ஒரு பெரிய காரணம். பெரிய வைத்தியசாலைகளைக் கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. இவர்களுடைய பெயர் எங்கும் இல்லை.

சிகிச்சைக்கு உங்களுக்குக் கிட்டிய பெரிய இடம் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. வசாவிளான், பலாலிப் பக்கம் இருப்பவர்களுக்கு அச்சுவேலி பிரதேச வைத்தியசாலை கிட்ட. அதற்கு மேல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. சாதாரண காய்ச்சலுக்கும் இருமலுக்கும் நேரே யாழ்ப்பாணம் போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "பெரியாஸ்பத்திரியிலதான் நல்லாப் பாப்பினம்" என்று சொல்வார்கள். அங்கே போய் வெளிநோயாளர் பிரிவில் அரைநாள் நிற்பதைவிட, கிட்ட இருக்கிற இடத்தில் காட்டித் தேவையானால் அங்கிருந்து கடிதத்தோடு போவது நல்லது. கடிதத்தோடு போகிறவருக்கு எந்தக் கிளினிக், எந்த நாள் என்பது முன்னமே தெரிந்திருக்கும்.

சரி, இனி வகுப்புகள்.

முதலாவது கர்ப்பிணித் தாய்மார் வகுப்பு. கர்ப்பகாலத்தின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று மூன்று வகுப்பு. ஒன்றுக்காவது கணவரையும் கூட்டிவரச் சொல்வார்கள். கிளினிக் நாளில் நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, திரிபோஷா வாங்கிக்கொண்டு வந்தால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வகுப்பு அதைவிட வேறு. அங்கே கேள்வி கேட்கலாம். என்ன சாப்பிடுவது, எந்த வேலையை நிறுத்துவது, பிள்ளையின் துடிப்பை எப்படிக் கவனித்துக் குறிப்பது, வைத்தியசாலைப் பையில் என்னென்ன வைப்பது, பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே எப்படிப் பால் கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

"எனக்கு இது நாலாவது பிள்ளை, எனக்கென்ன வகுப்பு" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய முதல் மூன்று பிள்ளைகளும் முகாமில் இருந்தபோது பிறந்தவர்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், வீதி இருந்தது, ஓட்டோ இருந்தது. இப்போது அவர் இருப்பது கடற்கரைப் பக்கத்தில் ஒரு தனி வீடு. இரவு இரண்டு மணிக்கு இரத்தம் போனால் யாரைக் கூப்பிடுவது, எந்த வாகனம், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? இந்த வீட்டுக்கு இது முதலாவது பிள்ளை. அதற்கான திட்டத்தை அந்த வகுப்பில் இருந்து போட்டுக்கொள்ளலாம்.

வகுப்பில் கட்டாயம் சொல்லித் தரும் ஆபத்து அறிகுறிகளை இங்கேயும் ஒருமுறை சொல்கிறேன். இரத்தம் போதல், தண்ணீர்க்குடம் உடைதல், கடும் தலையிடியோடு கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, பிள்ளையின் துடிப்புக் குறைதல். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலை. மாமிமார் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருமகள் தலையிடி என்று சொன்னால் "வெயில்ல நிண்டது" என்று முடிவு கட்டாதேயுங்கோ.

பிள்ளைகளின் ஊசி விடயம். பிறந்தவுடன் பீ.சி.ஜி, பிறகு 2, 4, 6 மாதங்களில் ஊசியும் போலியோச் சொட்டும், 9 மாதத்தில் எம்.எம்.ஆர், 12 மாதத்தில் மூளைக்காய்ச்சலுக்கான ஊசி, 18 மாதம், 3 வயது, 5 வயது என்று போகும். பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2017 முதல் பாடசாலையிலேயே போடுகிறார்கள். இடம் மாறிய அலுவலில் ஓர் ஊசி தவறிவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். தவறிய ஊசிக்காக எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க மாட்டார்கள். விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டையை இங்கே செல்லாது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். சில ஊசிகள் அங்கே வேறு, போடுகிற வயதும் வேறு. அந்த அட்டையைப் பார்த்துத்தான் உங்கள் பிள்ளைக்கு இங்கே என்ன மிச்சம் என்று கணக்குப் பார்ப்பார்கள். பெரியவர்கள் அங்கே பாவித்த குளிசையின் வெற்று அட்டையையும் கொண்டுவாருங்கள். குளிசையின் கடைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வைத்தியருக்கு அது போதும்.

அடுத்தது, நீரிழிவு, பிரஷர்க் கிளினிக்குகளில் காலையில் நடக்கிற சுகாதாரக் கல்வி. இது வகுப்பு என்று பலருக்குத் தெரியாது. துண்டு எடுத்து வாங்கில் இருக்கிறபோது ஒரு தாதியோ வைத்தியரோ முன்னால் நின்று கதைப்பார். நாங்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை கதைப்போம். 28 வருடத்துக்குப் பிறகு காண்கிற முகம் என்றால் கதைக்காமல் இருக்கவும் முடியாது, அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த இருபது நிமிடம் காதைக் கொடுங்கள். உள்ளே வைத்தியரிடம் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். விளக்கம் முழுக்க வெளியே வாங்கில்தான் கிடைக்கும்.

அங்கே நான் இருந்து கேட்ட சில விடயங்கள் திரும்பி வந்தவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். உதாரணத்துக்கு இன்சுலின். முகாமில் யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டியில் வைத்தீர்கள். இங்கே இன்னும் சில வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. மண்பானை ஒன்றில் ஈரமணலையோ தண்ணீரையோ விட்டு, அதற்குள் ஒரு சின்னப் பாத்திரத்தில் மருந்துப் போத்தலை நனையாமல் வைத்து, நிழலில் வைக்கலாம். தறப்பாள் கொட்டிலுக்குள் மதிய வெயிலில் வைத்த இன்சுலின் பழுதாகிவிடும். பார்த்தால் தெரியாது, ஊசி போட்டும் சீனி இறங்காது. உடைத்த போத்தலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைத் தாதியிடம் கேட்டுப் போத்தலிலேயே திகதியை எழுதுங்கள்.

அடுத்தது கால். காணி துப்புரவாக்குகிறீர்கள். உடைந்த ஓடு, கம்பி, கண்ணாடி, கருவேல முள். சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், குத்தினது தெரியாது. செருப்பல்ல, மூடிய சப்பாத்துப் போட வேண்டும். இரவு படுக்கமுன் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் பேரப்பிள்ளையிடம் காட்டலாம். சின்னக் காயத்துக்கே கிளினிக் நாளைப் பார்க்காமல் போய்க் காட்டுங்கள்.

விரதத்தைப் பற்றியும் அங்கே கேட்கலாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பிடிக்கிற அம்மாமார் இருக்கிறீர்கள். விரதத்தை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் சாப்பிடாமல் குளிசையை மட்டும் வழமைபோலப் போட்டால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும். விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொன்னால், பிடிக்கலாமா, குளிசையை எப்படி மாற்றுவது என்று சொல்வார்கள். இதைக் கேட்டால் ஏசுவார்கள் என்று நினைக்காதீர்கள். கேட்காமல் மயங்கி விழுந்து வந்தால்தான் ஏச்சு விழும்.

சுகவனிதையர் கிளினிக் என்று ஒன்று இருக்கிறது. 35 வயதான பெண்கள் ஒவ்வொருவரும் போக வேண்டிய இடம். பிரஷர், சீனி பார்ப்பார்கள், மார்பைப் பரிசோதிப்பார்கள், எப்படி வீட்டில் தாமாகவே பரிசோதிப்பது என்று சொல்லித் தருவார்கள், கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்வார்கள். வெட்கம் என்று போகாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே உங்களைப் பார்ப்பது எம்.ஓ.எச் பணிமனை ஆட்கள், கதவு மூடியிருக்கும். வருத்தம் எதுவும் தெரியாத காலத்தில் போக வேண்டிய இடம் அது. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருப்பது உங்களுக்குத் தெரியும். 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து பணம் சேர்த்துக் கட்டியது. முன்னர் மஹரகமவுக்கு ஓடிய குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவ்வளவு கிட்ட ஒரு சிகிச்சைப் பிரிவு இருந்தும் கடைசிக் கட்டத்தில் போய் நிற்பது எனக்குப் பொறுக்க முடியாத விடயம். 40 வயதைத் தாண்டிய ஆண்களே, உங்களுக்கும் பிரஷர், சீனி, கொலஸ்ரோல் பார்க்கிற நிலையங்கள் வைத்தியசாலையில் இருக்கின்றன. "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்கிற ஐயாமார்தான் முதலில் போக வேண்டும்.

இப்போது வைத்தியர்களைப் பற்றி. நான் போகிற கூட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி வரும். "நல்ல டொக்டர் ஒராள் இருந்தவர், மாறிப் போட்டாராம். இப்ப ஆர் வந்திருக்கினம்?"

அரச வைத்தியர்களுக்கு வருடாந்த இடமாற்றம் உண்டு. வார்டில் காண்கிற மிக இளமையான வைத்தியர்கள் சிலர் உள்ளகப் பயிற்சியில் இருப்பவர்கள். அந்தப் பயிற்சியே மொத்தம் ஒரு வருடம்தான். அதிலும் ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு மாறும். விசேட வைத்திய நிபுணர்களும் மாறுவார்கள், மேற்படிப்புக்குப் போவார்கள். சில வேளை புதியவர் வரும்வரை கதிரை வெறுமையாக இருக்கும். இது மனவருத்தமான விடயம்தான். வடக்கில் நிபுணர்கள் போதாது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வைத்தியர் மாறினார் என்ற கதை ஊருக்குள் வருகிறபோது, அது "கிளினிக் நிண்டுபோச்சாம்" என்று மாறிவிடுகிறது. அதைக் கேட்டு ஒருவர் பிரஷர்க் குளிசையை நிறுத்துகிறார். மூன்று மாதத்தின் பின் கைகால் இழுத்து வருகிறார். கிளினிக் அந்த மூன்று மாதமும் வேறொரு வைத்தியரோடு நடந்துகொண்டுதான் இருந்தது. கிளினிக் என்பது நாளையும் இடத்தையும் கொண்டது. ஆளைக் கொண்டது அல்ல. செய்தி கேள்விப்பட்டால் வெளிநோயாளர் பிரிவின் அறிவித்தல் பலகையைப் பாருங்கள், அல்லது குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். முகநூலில் வருகிறதை நம்பிக் குளிசையை நிறுத்தாதீர்கள்.

புதிய வைத்தியருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் கிளினிக் கொப்பிக்குத்தான் உங்களைத் தெரியும். எப்போது வருத்தம் தொடங்கியது, எந்த மருந்து ஒத்துவரவில்லை, போன முறை சீனி எவ்வளவு, எந்தக் குளிசையைக் கூட்டினார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. அது தொலைந்தால் புதியவர் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஓர் ஐயா தன்னுடைய கொப்பியைக் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்ததைக் கண்டேன். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் உறுதியை மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர். கொப்பிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும். மருந்து ஒவ்வாமை இருந்தால் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கையில் தொலைபேசி இருக்கிற பிள்ளைகள் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருக்கலாம்.

முகாமுக்குக் கிட்ட இருந்த கிளினிக்கில் பதிந்தவர்கள் அங்கேயே தொடர்ந்து போகலாமா என்று கேட்கிறீர்கள். போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பஸ் இல்லாத நாளில் போகாமல் விடுவீர்கள் என்றால், அங்குள்ள வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிட்ட இருக்கிற கிளினிக்குக்கு மாறுவது நல்லது. மாறும்போது இரண்டு கிளினிக்கிலும் மருந்து எடுக்கக் கூடாது. ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும்.

பின்னேரங்களில் தனியார் வைத்தியசாலைகளில் சனலிங் செய்து நிபுணரைப் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். அதே நிபுணர் பல வேளைகளில் காலையில் அரச கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கிறார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வீட்டு அத்திவாரத்துக்கு வைத்திருக்கிற காசை அவசரத்தில் அங்கே கட்டமுன் அரச கிளினிக் எந்த நாள் என்று ஒருதடவை கேளுங்கள். தனியாரில் காட்டினாலும் அவர் எழுதிய துண்டைக் கொப்பிக்குள் வையுங்கள். சித்த வைத்தியமும் அப்படித்தான். கைதடியில் பல்கலைக்கழகமே கற்பிக்கிற வைத்தியம் அது, குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தால் இரண்டு வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். ஆனால் பெயர்ப்பலகை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா வருத்தத்துக்கும் ஒரே ஊசி போடுகிறவர்களிடம் கவனம். ஆங்கில வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இங்கே வருகிற வைத்தியர்களில் சிலருக்குத் தமிழ் குறைவு. நல்ல மனத்தோடு வேலை செய்கிறார்கள், ஆனால் நீங்கள் "நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது" என்றால் அவருக்கு விளங்காது. தாதியையோ உதவியாளரையோ மொழிபெயர்க்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். இதே வலிகாமத்தில், மானிப்பாயில், 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் தமிழைப் படித்து, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார், நூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்தக் காலத்திலேயே முடிந்தது. இன்று குளிசை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள நாங்கள் கூச்சப்படுவது சரியில்லை.

காணிக்குள் இருக்கிற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பீ.எச்.ஐ ஐயா பிறகு விளக்குவார். சந்தேகமான பொருள் எதையும் தொடாதீர்கள், எரிக்காதீர்கள், பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பாவிக்காமல் கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பீ.எச்.ஐ குளோரின் இட்ட பிறகுதான் குடிக்க எடுக்க வேண்டும். அதன் பிறகும் கொதிக்கவைத்துக் குடியுங்கள், நெருப்புக்காய்ச்சல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கூரையில்லாத பழைய வீடுகளின் தண்ணீர்த் தொட்டி, மலசலகூடக் குழி எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்பி நுளம்பு பெருகும். அது உங்கள் வீடாக இல்லாவிட்டாலும் அந்த நுளம்பு உங்களிடம்தான் வரும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு வலிக் குளிசை போடாதீர்கள். மூன்றாம் நாளுக்கு முன் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

பாம்புக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன். எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவும் இராது, அடையாளமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுநோ என்று எழும்புவார், பிறகு கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும். தற்காலிகக் கொட்டிலில் நிலத்தில் படுத்த ஒருவருக்கு இப்படி வந்தால் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று இஞ்சி கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கட்டிலில் படுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். அங்கே இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள், ஒரு நாளாவது மறித்து வைத்துப் பார்ப்பார்கள். "ஒண்டும் இல்லை, வீட்ட போவம்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வராதேயுங்கோ.

வாகனம் இல்லை என்பவர்களுக்கு: 2018 முதல் வடக்கிலும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. இலவசம். தமிழில் கதைக்கலாம். இலக்கம் 1990. நாங்கள் ஊரைவிட்டு ஓடிய ஆண்டேதான். இந்த ஊராருக்கு அந்த இலக்கத்தை யாரும் பாடமாக்கித் தரத் தேவையில்லை. எடுத்தவுடன் பதறாமல் இடத்தைச் சொல்லுங்கள். புதிய பாதைகளுக்குப் பெயரில்லை, ஆகையால் உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கோவில், பாடசாலை, சந்தியின் பெயரை இப்போதே வீட்டில் எல்லோரும் ஒரேமாதிரிச் சொல்லப் பழகுங்கள். ஒருவரை டோர்ச்சோடு வீதிக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்த பிறகு நித்திரை வராமல் இருக்கிற ஆட்கள், வீடு இருந்த இடத்தில் வெறும் நிலத்தைப் பார்த்துப் பேச்சில்லாமல் போன ஐயாமார், எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வந்தால் எல்லாம் சரியாகும் என்று இத்தனை வருடம் இருந்தோம். வந்தபிறகு சரியாகாமல் இருப்பதை வெளியே சொல்ல ஒரு கூச்சம். வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் இருக்கிறது, உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் விசர் என்று அர்த்தம் இல்லை. யாராவது சாகிறதைப் பற்றிக் கதைத்தால் அதைப் பகிடியாக எடுக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தக் கைநூலின் பின்னட்டையின் உட்புறத்தில் கோடு போட்ட இடம் விட்டிருக்கிறோம். கிளினிக் நாட்களையும் வைத்தியர்களின் பெயரையும் நாங்கள் அச்சடிக்கவில்லை. அடுத்த வருடம் அவை மாறிவிடும். பென்சிலால் எழுதுங்கள், மாறும்போது அழித்து எழுதலாம். இப்போது உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் முன்னால் வந்து இந்த மாதத்துக் கிளினிக் நாட்களையும் தாய்மார் வகுப்பு நடக்கிற இடத்தையும் சொல்வார். பென்சில் இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள், எங்களிடம் இருக்கிறது. புதிதாக வந்து இன்னும் பதியாத குடும்பங்கள் வலது பக்கத்து மேசைக்கு வாருங்கள். பதிவேட்டை அவர் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.